நிழல் கணக்கு

வெயில் விற்கிற வேலை என்று
அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.
உண்மையில் நான் அளப்பது நிழலை.

பேட்டை, நரசிங்கநல்லூர், சுத்தமல்லி விலக்கு.
ஒரு நாளைக்கு நாலு தட்டட்டி.
இரும்பு ஏணி கொதிக்கும்,
துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு ஏறுவேன்.
டேப்பை விரித்து, திசைகாட்டியைத் தரையில் வைத்து
ஒவ்வொரு குற்றவாளியாக எழுதுவேன்:
தண்ணீர்த் தொட்டி, டிஷ், அடுத்த வீட்டு முருங்கை,
மேலே இன்னொரு மாடி வருமென்று
பன்னிரண்டு வருடமாகத் துருவேறி நிற்கும் கம்பிகள்.

இந்த ஊரில் வெயிலை யாரும்
நல்லவிதமாகச் சொல்லிக் கேட்டதில்லை.
மண்டையப் பொளக்கு என்பார்கள்.
சவத்து வெயிலு என்பார்கள்.
வண்ணார்பேட்டை தாண்டி ஆத்துப் பாலத்தில்
பஸ் நெரிசலில் நிற்கும்போது பார்ப்பேன்:
ஆறு ஒரு கோடு, மற்றதெல்லாம் கூரை.
காலை ஒன்பதிலிருந்து நாலு வரை
கேட்பாரில்லாமல் கொட்டிப் போகிறது,
ஊர் முழுக்க அரைத்து, துவைத்து, குளிரவைக்கக் கூடியது.

சித்திரை பிறக்க ஓரிரு நாள் இருக்கும்போது
உச்சிவேளையில் ஒரு கம்பை நட்டால்
இங்கே நிழலே விழாது.
அப்படியொரு நாளில்தான்
சங்கரவடிவு வீட்டுக்குப் போனேன்.

தெருவுக்கு இட்லி மாவு அரைக்கிறவர்.
கரண்டு பில்லைக் கேஸ் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தார்.
"ஐநூறத் தாண்டுனா ஒரு ரேட்டு, தாண்டாட்டி ஒரு ரேட்டு.
மாசிக்குப் பொறவு
நான் மீட்டரப் பாத்துதான் அரைக்கேன்,
வாங்க வாரவங்களப் பாத்து இல்ல."

தட்டட்டி துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.
என் நிழல் என் செருப்புக்குள்.
ஆறு பேனல் தாராளமா நிக்கும் என்று சொல்லிவிட்டு
பழக்கதோஷத்தில் மூன்றரை வரை காத்திருந்தேன்.

மேற்கே கொழுந்தன் வீடு.
ஒன்றாயிருந்து பாகம் பிரிந்தது.
படிக்கூண்டின் மேல் அவருடைய இரண்டாயிரம் லிட்டர் தொட்டி.
அதன் நிழல் கைப்பிடிச் சுவரில் ஏறி
இந்தப் பக்கம் இறங்கியது,
யாரையும் கேட்காமல்.

ஒரு பேனல் இருண்டால்
அதோடு கோத்த அத்தனையும் சுணங்கும்.
இதை விளக்கப் பையில் ஒரு படம் வைத்திருக்கிறேன்.
அன்று எடுக்கவில்லை.

"தொட்டிய நாலடி தள்ளி வைக்கச் சொல்லலாம்லா?"
"நாலு வருசமா ஒரு கொடம் தண்ணி கேட்டதில்ல.
இப்பம் வெயிலு கேக்கவா?"

நானே போய்க் கதவைத் தட்டினேன்.
பிரமநாயகம் பனியனோடு மேலே ஏறி வந்து
தன் தொட்டிக்கு நிழல் உண்டென்பதை
அன்றைக்குத்தான் பார்த்தவர்போல நின்றார்.
"தள்ளுனா பைப்பு பூரா மாத்தணும்."
காலையில் அது உங்க பக்கம்தான் விழும், என்றேன்.
பேசவில்லை. கொஞ்சம் கழித்து,
"எனக்குப் போட்டா எம்புட்டு ஆவும்?"
எழுதிக் கொடுத்த தாளைப்
பீடிக்கட்டோடு மடித்து வைத்துக்கொண்டார்.
தொட்டி நகரவில்லை.

சங்கரவடிவு சாக்பீஸ் வாங்கி
நிழலின் ஓரமாகவே கோடு போட்டார்.
"இதுக்குள்ள வேண்டாம். நாலு போதும்.
சாயங்காலம் நான் இங்கன உக்காந்துக்கிடுதேன்.
இந்த ஊர்ல நெழலு மட்டும் என்ன சும்மாவா கெடைக்கி?"

படிவத்தில் நிழல் இழப்பு என்று ஒரு கட்டம்.
சதவீதம் எழுதினேன்.

எனக்கு டவுனில் வாடகை வீடு.
மாடிச் சாவி வீட்டுக்காரரிடம்,
ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட மட்டும் தருவார்.
ராத்திரி, தளம்
பகலெல்லாம் வாங்கி வைத்ததை
என் படுக்கைமேல் இறக்கிக்கொண்டே இருக்கும்,
யூனிட் கணக்கில்லாமல்.

ஆவணியில் இன்னொரு நாள் நிழல் விழாது.
அதற்கு முந்தின வாரம் ஒரு போன்.
"பேட்டைலேந்து பிரமநாயகம் பேசுதேன்.
தொட்டிய நகட்டணும்னா எந்தப் பக்கம்?"

வடக்கே, என்றேன்.

பைப்புச் செலவைத் தனியாக
எழுதி அனுப்பச் சொன்னார்.